முப்பத்தொன்றாம் வரிசையில் ஒரு முடிச்சு

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்கள் பயிற்சி வகுப்பில் இருக்கும் பெரகலப் பெண் போன வாரம் ஊருக்கு வந்தபோது எனக்குத் தொலைபேசி எடுத்தாள். “மெடம், பயணிகள் சீட் பெல்ட் போட்டிருக்காங்களான்னு பார்க்க ஒரு வரிசைக்கு இத்தனை செக்கன்னு சொல்லிக் குடுக்கிறாங்க. நீங்க எவ்வளவு நேரம் எடுப்பீங்க?” என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். செக்கன் கணக்கில் வேகமாகப் பார்க்கத் தெரிந்தவள் என்று எனக்கு நல்ல பெயர் இருந்த காலத்தில்தான் என் வேலையின் மிகப் பெரிய பிழையை நான் செய்தேன். அதைச் சொல்லத் தொடங்கினேன், கதையில் விமானம் ஓடுபாதைக்குப் போவதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. பெரகலயில் மூடுபனி இறங்கினால் தொலைபேசிக்கும் கண் தெரியாது போலிருக்கிறது. சரி, ஒருத்திக்குச் சொல்வதை எல்லோருக்கும் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் இருபத்தெட்டு வருடம் பறந்தவள். கடைசிப் பன்னிரண்டு வருடம் விமானத்தின் பின்பகுதி முழுவதும் என் பொறுப்பில் இருந்தது. ஓய்வு பெற்று மூன்று வருடமாகப் பதுளையில் இருக்கிறேன். என் முழங்கால்கள் இரண்டும் எனக்கு முன்னமே ஓய்வு பெற்றுவிட்டன. எப்படிச் சிரிப்பது, எப்படித் தட்டை நீட்டுவது, எந்தக் கதவை எப்படித் திறப்பது என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. அதை நான் மறுபடியும் ஓத மாட்டேன்.

அது நான் வேலைக்குச் சேர்ந்த பத்தொன்பதாவது வருடம். அன்று காலை நாங்கள் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து வளைகுடா நாடொன்றுக்குப் புறப்பட வேண்டும். விமானம் முந்திய பயணத்திலிருந்து தாமதமாக வந்திருந்தது. ஓர் ஆசனம்கூடக் காலி இல்லை. பயணிகள் ஏறத் தொடங்கும் நேரத்தில் பின்பக்கச் சமையல்கட்டில் ஒரு சாப்பாட்டு ட்ரொலியின் தாழ்ப்பாள் உடைந்திருப்பதைப் பார்த்தேன். திருப்பினால் சுற்றிச் சுற்றி வந்தது, பிடிக்கவில்லை. ஒரு முழு ட்ரொலி எவ்வளவு பாரம் என்று இந்நேரம் நீங்களும் தள்ளிப் பார்த்திருப்பீர்கள். விமானம் மூக்கை உயர்த்தும்போது அது கழன்று வந்தால் பின்னால் உட்கார்ந்திருப்பவர் காலை முறித்துவிடும்.

முறைப்படி நான் அதை உடனே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் எழுத்து வேலை, என்ஜினியர், மேலும் தாமதம், தரைப்பணி அதிகாரியின் முகம். எல்லாவற்றையும் ஒரு தடவை மனதில் ஓட்டிப் பார்த்தேன். பிறகு என் ஏப்ரனின் நாடாவை உருவி எடுத்து, ட்ரொலியின் கைப்பிடியையும் பக்கத்துக் கம்பியையும் சேர்த்து இறுக்கிக் கட்டினேன். போய்ச் சேர்ந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், கட்டி முடித்தபோது எனக்கு என் கெட்டித்தனத்தில் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

அன்றைய பயணிகளில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் நிறையப் பேர். முப்பதாம், முப்பத்தொன்றாம் வரிசைகளில் எட்டுப் பேர் ஒன்றாக இருந்தார்கள். எல்லோரும் ஊவாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் என்று பேச்சைக் கேட்டதும் தெரிந்தது. பாஸ்போர்ட்டும் விசாக் காகிதமும் வைத்த பழுப்பு உறையை ஆளுக்கொன்றாக மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார்கள். எதையும் தொடவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால்கூட ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துவிட்டு வேண்டாம் என்று தலையாட்டினார்கள். எனக்கு அது வசதியாக இருந்தது. தொந்தரவு செய்யாத பயணிதான் நல்ல பயணி என்று அப்போது நினைத்திருந்தேன்.

நடைபாதையில் நடந்து பெல்ட் பார்த்தேன். மடியின் குறுக்கே வார் தெரிந்தால் சரி, அடுத்த வரிசை. முப்பத்தொன்றில் ஓரத்து ஆசனத்துப் பெண் சால்வையை மடியில் போட்டிருந்தாள். வார் தெரிந்தது. சரி. முன்னால் போய், “பின்பகுதி தயார்” என்று சொன்னேன். விமானம் நகர ஆரம்பித்துவிட்டது.

திரும்பி என் இடத்துக்கு வரும்போதுதான் கண்ணில் பட்டது. முப்பத்தொன்றில் கைப்பிடியின் பக்கத்தில் பெல்ட்டின் உலோகப் பூட்டு வெறுமனே தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. பூட்டு தொங்குகிறது என்றால், மடியின் குறுக்கே வார் எப்படி இருக்க முடியும்? குனிந்து சால்வையை விலக்கினேன். இரண்டு வார்களையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தாள்.

“இது என்னம்மா?”

“கட்டிட்டேன் மிஸ். நல்லா இறுக்கிக் கட்டியிருக்கேன். அவுறாது,” என்றாள்.

“பூட்டுறதுக்கு என்ன?”

பக்கத்தில் இருந்தவள்தான் மெதுவாகச் சொன்னாள். “அது பூட்டுப்படலைங்க. இந்தப் புள்ள நாலஞ்சு தடவை அமத்திப் பாத்துச்சு.”

“நான் ஒடைக்கல மிஸ்,” என்றாள் இவள் அவசரமாக. “சாமி சத்தியமா நான் ஒடைக்கல. நான் வந்து உக்காரும்போதே அப்படித்தான் இருந்துச்சு.”

நான் வாரின் நுனியில் இருந்த உலோக நாக்கைப் பூட்டுக்குள் தள்ளிப் பார்த்தேன். உள்ளே போனது, சத்தம் வரவில்லை, இழுத்ததும் வந்துவிட்டது. பூட்டு செத்துப்போயிருந்தது. முடிச்சை அவிழ்க்கச் சொன்னேன். அவள் இழுத்தாள், அது இன்னும் இறுகியது. பக்கத்துப் பெண்ணும் சேர்ந்துகொண்டாள். நகத்தால் நெம்பினார்கள், பிறகு ஒருத்தி குனிந்து பல்லால் பிடித்து இழுத்தாள். நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வரை எண்ணிய பிறகே அவிழ்ந்தது. வெளிச்சத்தில், புகை இல்லாமல், யாரும் கத்தாமல், இரண்டு பேர் சேர்ந்து அவிழ்க்க இருபத்தாறு.

பெல்ட் என்றால் இறுக்குகிற சாமான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது விடுவிக்கிற சாமானும்தான். விமானத்தில் கட்டிப்போடுவது சுலபம், ஒரு கையால் ஒரு நொடியில் அவிழ்கிறதா என்பதுதான் கேள்வி.

அடுத்து எனக்கு வந்த யோசனைகளை உங்களுக்கு மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் இவை வரும். முதலாவது, பருத்த பயணிகளுக்காக வைத்திருக்கும் நீட்டுப் பெல்ட்டை எடுத்து வந்து மாட்டலாமே என்பது. மாட்ட முடியாது, கெட்டுப்போனதே பூட்டுத்தான். இரண்டாவது, வேறு இடத்தில் உட்கார வைக்கலாமே என்பது. இடமே இல்லை. மூன்றாவது யோசனை சத்தமில்லாமல் வந்தது. நான் ஏற்கெனவே தயார் என்று சொல்லிவிட்டேன். ஓடுபாதை தெரிகிறது. முடிச்சும் கெட்டியாகத்தான் இருக்கிறது. மறுபடி கட்டச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தால் யாருக்குத் தெரியப் போகிறது?

அந்த மூன்றாவது யோசனையோடு நான் இரண்டு மூன்று செக்கன் நின்றேன். அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். பிறகு விமானி அறையோடு பேசும் தொலைபேசியை எடுத்து, “நான் சொன்னது பிழை. பின்பகுதி தயார் இல்லை,” என்றேன். அந்த இரண்டு வாக்கியமும் வாயிலிருந்து வருவதற்கு எவ்வளவு பாரம் என்று ஒருநாள் உங்களுக்கும் தெரியும். பாரமாக இருந்தாலும் சொல்லுங்கள்.

கப்டன் விமானத்தை நிறுத்தினார். திருப்பி நிற்கும் இடத்துக்கே கொண்டுவந்தார். பயணிகள் முணுமுணுத்தார்கள். ஒருவர் தன் கைக்கடிகாரத்தை என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினார். நானும் பார்த்துத் தலையாட்டினேன்.

என்ஜினியர் வந்து பூட்டைப் பார்த்துவிட்டு, புதிய பெல்ட் களஞ்சியத்திலிருந்து வர வேண்டும், அரை மணித்தியாலம் ஆகலாம் என்றார். ஆசனத்தைக் காலி செய்ய வேண்டியிருந்ததால் அந்தப் பெண்ணைப் பின்பக்கச் சமையல்கட்டுக்கு அழைத்துக்கொண்டு போனேன். பெயர் பாக்கியம் என்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். தண்ணீர் கொடுத்தேன். இந்த முறை வாங்கிக் குடித்தாள்.

“ஒடைஞ்சிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?” என்றேன்.

“ஏஜென்சிக்காரர் சொல்லித்தாங்க அனுப்பிச்சாரு. எதையும் தொடாத, எதையும் கேக்காத, எதையாச்சும் ஒடைச்சா எறக்கி விட்டுருவாங்கன்னு. இன்னைக்கு நான் போய்ச் சேரலைன்னா விசா முடிஞ்சிருது மிஸ்.” சற்று நேரம் கழித்துத் தானாகவே சொன்னாள். “எங்க லயத்து வீட்டுச் செவுத்துல மண்சரிவு அபாயம்னு எழுதி ஒட்டிட்டுப் போயிட்டாங்க. ஒட்டி ரெண்டு வருசம். மழை பேஞ்சா ரெண்டு புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு ஸ்கூல் ஹாலுக்கு ஓடணும். நான் போனாத்தான் அதுங்கள பதுளையில ஒரு ரூம் எடுத்து வைக்க முடியும். என்னைய எறக்கிருவாங்களா மிஸ்?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அது என் கையில் இல்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள். பார்வை ட்ரொலியில் போய் நின்றது. நாடாவின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு சுற்று, நுனியை மடித்து உள்ளே செருகி, மேலே அரை முடிச்சு. கொழுந்து பறிக்கப் போகும்போது செடி கிழிக்காமலும் நனையாமலும் இருக்க இடுப்பில் சாக்கைச் சுற்றிக் கட்டுவார்கள், படங்கு என்பார்கள். அந்தப் படங்குக் கயிற்றைக் கட்டும் கட்டு அது. அவள் பெல்ட்டில் போட்டிருந்ததும் அதே கட்டு. நான் அதுவரை கவனிக்கவே இல்லை.

“இது யார் கட்டினது?”

“நான்தான்.”

அவள் என்னை மேலிருந்து கீழே வரை பார்த்தாள். சீருடை, கொண்டை, உதட்டுச் சாயம், எல்லாவற்றையும். பிறகு குரலைத் தாழ்த்தி, “நீங்க எந்தத் தோட்டம்?” என்று கேட்டாள்.

பிள்ளைகளே, பத்தொன்பது வருடமாக என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எந்த ஊர் என்று கேட்பார்கள், பதுளை என்பேன். பதுளை பஸாரில் தமிழ் ஆட்களின் கடைகள் நிறைய இருப்பதால், நானும் ஒரு கடைக்காரக் குடும்பத்துப் பெண் என்று உடன் வேலை செய்பவர்கள் அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். தோட்டத்து ஆள் என்றால் ஒரு படி கீழாகப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும்; நான் பொய் சொல்லவில்லை, திருத்தவும் இல்லை. அந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு பத்தொன்பது வருடம் ஓட்டிவிட்டேன்.

“மடுல்சீமைப் பக்கம்,” என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

அவள் முகம் மலர்ந்தது. “நானும் அங்கதாங்க்கா,” என்றாள். அதற்கு மேல் அவள் என்னை மிஸ் என்று சொல்லவில்லை.

அந்த நேரத்தில் தரைப்பணி அதிகாரி கையில் காகிதத்தோடு வந்தார், பின்னாலேயே கப்டனும் வந்தார். அதிகாரி சிங்களத்தில் பேசினார். தோட்டத்துப் பெண்களுக்குச் சிங்களம் நன்றாகப் புரியும், பதில் பேச மாட்டார்கள், அவ்வளவுதான். பாக்கியத்துக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

“பெல்ட்டுக்காக அரை மணித்தியாலம் காத்திருக்க முடியாது. இந்த அம்மாவிடம் ஒரே ஒரு கைப்பைதான். அவரை இறக்கிவிட்டு ஆசனத்தைப் பூட்டி வைத்தால் ஐந்து நிமிடத்தில் புறப்படலாம். மூன்று மொழியில் அறிவித்தும் புரியாமல் முடிச்சுப் போடுகிற ஆளை ஏற்றிக்கொண்டு போவதும் பாதுகாப்பில்லை,” என்றார்.

அவர் சொன்னதில் முதல் பாதி சட்டப்படி சரி. கெட்ட ஆசனத்தில் யாரையும் உட்கார வைக்கக்கூடாது, இடமில்லாவிட்டால் ஒருவர் இறங்க வேண்டும். அவர் கெட்ட மனிதர் இல்லை, அவருக்கு மேலே ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்காமல் போனது இரண்டாவது பாதி. அந்தப் பாதியைத்தான் கப்டன் யோசித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

“சேர்,” என்றேன் கப்டனிடம். “இவருக்கு அறிவித்தல் புரிந்தது. கட்டு என்றோம், கட்டினார். நாங்கள் கொடுத்த பூட்டு கெட்டிருந்தது, அதனால் தெரிந்த விதத்தில் கட்டினார். பார்க்க வேண்டியவள் நான். பார்க்காமலே தயார் என்று சொன்னவளும் நான். பிழை என்னுடையது என்று எழுதிக்கொள்ளுங்கள்.”

“அது பிறகு,” என்றார் அதிகாரி. “இப்போது நேரம் போகிறது.”

“முடிச்சுப் போட்டதற்காக இறக்குவதென்றால் இரண்டு பேரை இறக்க வேண்டும்,” என்றேன். நகர்ந்து நின்று ட்ரொலியைக் காட்டினேன். “இதைக் கட்டியது நான். தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது. தாமதமாகும் என்று யாரிடமும் சொல்லவில்லை. அவராவது பயத்தில் செய்தார். நான் பயிற்சி எடுத்துப் பத்தொன்பது வருடம் வேலை செய்துவிட்டுச் செய்தேன்.”

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். கப்டன் குனிந்து முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். இழுத்தார், அசையவில்லை. வாய்க்குள் சிரித்த மாதிரி இருந்தது.

“இந்தக் கட்டை எங்கே பழகினாய்?” என்று கேட்டார்.

பாக்கியம் என்னைப் பார்த்தாள். என் வலப்பக்கம் நான் பழக்கிவிட்ட இளம் சகாக்கள் இருவர் நின்றார்கள். பெரிய பொய்யையும் பெரிய பிழையையும் ஒரே நாளில் இறக்கி வைக்க எனக்குத் தெம்பு இல்லை. “பயிற்சியில் இல்லை, சேர்,” என்று மட்டும் சொல்லிக் குனிந்துகொண்டேன். கெட்டிக்காரப் பதில். கப்டனும் சிரித்தார், சகாக்களும் சிரித்தார்கள். பாக்கியம் சிரிக்கவில்லை.

கப்டன் அதிகாரியிடம் திரும்பினார். “தாழ்ப்பாளுக்கும் எப்படியும் ஆள் வர வேண்டும். நேரம் போனது போனதுதான். இரண்டையும் சரி செய்துகொண்டு போகிறோம். யாரும் இறங்க வேண்டாம்.”

பாக்கியம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது, மூக்கை உறிஞ்சிச் சமாளித்தேன்.

என்ஜினியர் தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் எனக்கு ஒன்று தோன்றியது. முப்பதாம் வரிசைக்கு முன்னால் போய் நின்று, அந்தப் பெண்களுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன். “இங்க எது ஒடைஞ்சிருந்தாலும் சொல்லுங்க. நீங்க ஒடைச்சீங்கன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. யாரையும் எறக்க மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு.”

தோட்டத்தில் உடைந்த சாமானைக் கொண்டுபோய்க் காட்டியவர்தான் உடைத்தவர். அந்தப் பாடம் பிறந்ததிலிருந்து அவர்களுக்குள் ஊறியது. என் ஒரு பேச்சில் போய்விடுமா என்று நினைத்தேன். பிறகு ஒரு கை மெதுவாக உயர்ந்தது.

“இந்தப் பலகை மூட மாட்டேங்குதுங்க.” முன்னிருக்கையின் சாப்பாட்டுப் பலகை. இன்னொரு கை. “எனக்கு முதுகு சாஞ்சே இருக்கு, நிமிர மாட்டேங்குது.” மற்றவள், “மேல பெட்டிக் கதவு ஆடுது, நான் வந்ததுலருந்து அதையேதான் பாத்துக்கிட்டு இருக்கேன்.” என்ஜினியர் தலையில் கை வைத்தார். “மிஸ், நீங்கள் கூப்பிட்டது பெல்ட்டுக்கா, விமானத்தைப் பிரித்துக் கட்டுவதற்கா?” என்று கேட்டார். எதையும் தொடாமல் உறையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள், அந்த நேரத்தில் எல்லாவற்றையும் பார்த்து வைத்திருந்தார்கள்.

கடைசியாக ஜன்னலோரத்தில் இருந்த வயது கூடிய அம்மா ஒருவர் தயங்கித் தயங்கிக் கையை உயர்த்தினார். “அந்தப் புள்ள முன்னுக்கு நின்னு காட்டுச்சில்ல, தண்ணியில விழுந்தா போடுற சட்டை சீட்டுக்கு அடியில இருக்குன்னு. நான் கைய விட்டுத் தடவிப் பாத்தேன். ஒண்ணும் இல்லைங்களே.”

நான் முழங்காலில் குனிந்து பார்த்தேன். உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டிய பை வெறுமையாக இருந்தது. யாரோ முந்திய பயணத்தில் ஞாபகப் பொருளாக எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். அன்று காலை நாங்கள் நான்கு பேர் அந்த ஆசனங்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தோம். இருபத்தெட்டு வருடத்தில் நாங்கள் சொன்னபடி ஆசனத்துக்கு அடியில் கை விட்டுப் பார்த்த ஒரே பயணியாக அந்த அம்மாவைத்தான் நான் கண்டேன்.

எல்லாவற்றையும் சரி செய்துகொண்டு, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தாமதமாகப் புறப்பட்டோம். வழியில் பெரிய காற்றெதுவும் அடிக்கவில்லை. விமானம் குலுங்கியது, பாக்கியத்தின் புதிய பெல்ட் அவளைக் காப்பாற்றியது என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும், எனக்கும் ஆசைதான். ஒன்றுமே நடக்கவில்லை. நம் வேலை ஒழுங்காக நடந்தால் ஒன்றும் நடக்காது, யாரும் நமக்கு நன்றி சொல்லவும் மாட்டார்கள். அதற்குப் பழகிக்கொள்ளுங்கள்.

தாழ்ப்பாளுக்காக எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, வர வேண்டியதுதான். பாக்கியம் இரண்டு வருடத்தில் திரும்பி வந்தாள். அதற்கு முன்பே பிள்ளைகள் இருவரும் பதுளையில் அறை எடுத்து, அவளுடைய தங்கையோடு இருந்து பள்ளிக்கூடம் போனார்கள். அந்த லயத்தின் பின்சுவர் ஒரு மழையில் சரிந்தபோது உள்ளே யாரும் இருக்கவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்ததால் சொல்கிறேன்.

பெரகலப் பெண்ணின் கேள்விக்கு என் பதில் இதுதான்: வாரைப் பார்க்காதே, பூட்டைப் பார். பூட்டைப் பார்த்த பிறகு முகத்தைப் பார். சொல்ல ஏதோ இருந்தும் சொல்லாமல் இருக்கிற முகம் எப்படி இருக்கும் என்று பழகிக்கொள். அதற்கு எத்தனை செக்கன் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் அன்றைய நாளில் என்னை உண்மையில் உலுக்கியது விமானம் இறங்கிய பிறகு வாசலில் நடந்தது. பயணிகளை வழியனுப்ப நான் நின்றுகொண்டிருந்தேன், பக்கத்தில் அந்த இளம் சகாக்கள் இருவர். பாக்கியம் உறையை அணைத்துக்கொண்டு வந்தாள். என்னருகில் நின்றாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்துச் சிரிப்பைத் தயார் செய்துகொண்டேன். அவள் என் காதுப் பக்கம் குனிந்தாள்.

“அக்கா, நீங்க தோட்டத்து ஆளுன்னு நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. எங்கூட வந்தவளுகளுக்கும் சொல்லலை. சொல்லவும் மாட்டேன். நீங்க பயப்படாம வேலை பாருங்க.”

அந்நிய நாட்டில், தெரியாத வீட்டுக்குப் போகிறவள், போகிற வழியில் என்னைக் காப்பாற்றிவிட்டுப் போக நினைத்தாள். எனக்கு முகம் முழுவதும் சுட்டது. பின்னால் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள், அவள் நகரத் தொடங்கிவிட்டாள். நான் எட்டி அவள் கையைப் பிடித்தேன்.

“சொல்லு பாக்கியம்,” என்றேன், பக்கத்தில் நின்ற இருவருக்கும், வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி. “எல்லார்கிட்டயும் சொல்லு. மடுல்சீமை மேட்டு லயத்துக் கொழுந்துக்காரி மகள்னு சொல்லு.”